அளவுகோல் மாறாத அமைச்சர்

அயல்நாடு ஒன்றில் மக்கள் கிளர்ந்தெழுகிறார்கள். ஆட்சியாளர்கள் ஆயுதம் கொண்டு அவர்களை அடக்குகிறார்கள். செய்தி உலகெங்கும் பரவுகிறது. தொலைவில் இருக்கும் ஒரு சிறிய நாடு இப்போது என்ன செய்ய வேண்டும்? பிறர் வீட்டு விவகாரம் என்று ஒதுங்கி நிற்பதா? அல்லது அநீதி எங்கு நடந்தாலும் அநீதியே என்று எடுத்துரைப்பதா?

1959, 1960 ஆகிய ஈராண்டுகளில் இக்கேள்வி நம் நாட்டின்முன் இருமுறை எழுந்தது. முதலில் திபெத்தில் மக்கள் எழுந்தனர். அடுத்துத் தென்னாப்பிரிக்காவில் எழுந்தனர். அப்போது மலாயாக் கூட்டரசின் வெளியுறவு அமைச்சராகப் பொறுப்பு வகித்தவர் ஜொகூர் மண்ணின் மைந்தர், துன் டாக்டர் இஸ்மாயில் ஆவார்.

இஸ்மாயில் 1915ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 4ஆம் நாள் ஜொகூர் பாருவில் பிறந்தார். இவருடைய தந்தையார் அப்துல் ரஹ்மான் யாசின். நாடு விடுதலை பெற்றபின் நாடாளுமன்ற மேலவையின் முதல் தலைவராக விளங்கியவர் அவரே. இஸ்மாயில் புக்கிட் சஹ்ரா பள்ளியிலும், பின்னர் ஜொகூர் பாரு ஆங்கிலக் கல்லூரியிலும் பயின்றார். அக்கல்லூரி இன்று சுல்தான் அபு பாக்கார் கல்லூரி என்னும் பெயரில் இயங்குகிறது. இவருடைய குடும்பத்தார் குவோக் குடும்பத்தார், புதுச்சேரி குடும்பத்தார் முதலிய பிற இனத்தவரோடும் நெருங்கிப் பழகினர். பிறர் துயரைத் தம் துயராக எண்ணும் பண்பு இத்தகைய சூழலில்தான் அவருள் வளர்ந்திருக்க வேண்டும்.

மருத்துவராக வேண்டும் என்பது இஸ்மாயிலின் விருப்பம். சிங்கப்பூரில் உள்ள ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் ஆஸ்திரேலியா சென்று மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் கல்வியைத் தொடர்ந்தார். அவர் அங்கிருந்த காலத்தில்தான் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றினர். பெற்றோரும் உற்றாரும் அந்நியப் படையின் பிடியில் இருந்தனர். அவரோ கடல் கடந்து, செய்திக்காக ஏங்கும் நிலையில் இருந்தார். தாயகம் துன்புறும்போது உலகம் என்ன சொல்கிறது, யார் துணைக்கு வருகிறார் என்று காத்திருப்பதன் வலியை அந்தத் தலைமுறையினர் நன்கு அறிவர். 1945ஆம் ஆண்டில் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் மலாய்க்காரர் என்னும் பெருமையும் அவரைச் சேர்ந்தது.

போர் முடிந்து அவர் தாயகம் திரும்பிய காலக்கட்டத்தில் நாடு கொந்தளித்துக் கொண்டிருந்தது. பிரிட்டிஷார் 1946ஆம் ஆண்டில் மலாயன் யூனியன் திட்டத்தைக் கொண்டுவந்தனர். மலாய் ஆட்சியாளர்களின் அதிகாரத்தைப் பறிக்கும் அத்திட்டத்தை எதிர்த்து மலாய் மக்கள் ஊர்தோறும் திரண்டனர். அவ்வாண்டு மே மாதம் 11ஆம் நாள் அம்னோ கட்சி ஜொகூர் பாருவில்தான் தோன்றியது. மக்களின் எதிர்ப்பைப் பிரிட்டிஷ் அரசால் புறக்கணிக்க இயலவில்லை. 1948ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் மலாயன் யூனியன் கலைந்து, மலாயாக் கூட்டரசு பிறந்தது. மக்கள் ஒன்றுபட்டுக் குரல் எழுப்பினால் பேரரசும் தன் கொள்கையை மாற்றிக்கொள்ளும் என்பதை இஸ்மாயில் தம் சொந்த ஊரிலேயே கண்டார்.

ஜொகூர் பாருவில் தவக்கல் என்னும் பெயரில் அவர் ஒரு மருந்தகம் நடத்தினார். ஆயினும் பொதுவாழ்க்கை அவரை விடவில்லை. 1950களின் தொடக்கத்தில் அம்னோவில் இணைந்தார். கூட்டரசு அரசாங்கத்தில் அமைச்சர் பொறுப்புகளை ஏற்றார். துங்கு அப்துல் ரஹ்மானின் நம்பிக்கைக்குரியவர்களுள் ஒருவரானார்.

1957ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31ஆம் நாள் மலாயா விடுதலை பெற்றது. செப்டம்பர் 17ஆம் நாள் அது ஐக்கிய நாடுகள் மன்றத்தில் 82ஆவது உறுப்பு நாடாகச் சேர்ந்தது. மன்றத்தில் மலாயாவின் முதல் நிரந்தரப் பேராளராகவும், அமெரிக்காவுக்கான முதல் தூதராகவும் டாக்டர் இஸ்மாயில் பணியாற்றினார். புதிய நாட்டுக்குத் தூதரகங்கள் மிகக் குறைவு. அனுபவமுள்ள அதிகாரிகளும் சிலரே. எனவே, தாம் கண்டதையும் கேட்டதையும் அவர் குறிப்புகளாக எழுதித் துங்குவுக்கு அனுப்பி வந்தார். அக்குறிப்புகள் பல்லாண்டுகளுக்குப் பிறகு நூலாகவும் வெளிவந்தன.

அவர் நியூயார்க்கில் இருந்த காலம் உலகம் கொந்தளித்த காலமாகும். 1956ஆம் ஆண்டு அக்டோபரில் ஹங்கேரி மக்கள் சோவியத் ஆதிக்கத்தை எதிர்த்து எழுந்தனர். நவம்பரில் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட் நகருக்குள் நுழைந்து அவ்வெழுச்சியை நசுக்கின. அதன் எதிரொலி மன்றத்தில் இன்னும் அடங்கவில்லை. அல்ஜீரிய மக்கள் பிரான்சின் ஆட்சியை எதிர்த்துப் போராடிக் கொண்டிருந்தனர். 1958ஆம் ஆண்டு ஜூலையில் ஈராக்கில் மன்னராட்சி வீழ்ந்தது. அடுத்த நாளே அமெரிக்கப் படை லெபனானில் இறங்கியது. வல்லரசுகள் தங்கள் நண்பர்களின் தவற்றைக் கண்டும் காணாமல் இருந்தன. எதிரிகளின் தவற்றை மட்டும் உரக்கப் பேசின. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்னும் பழமொழி உலக அரங்கிலும் பொருந்தியது.

ஒரு சிறிய நாட்டின் தூதருக்கு இது பெரிய பாடமாகும். படை வலிமையோ பண வலிமையோ இல்லாத நாட்டுக்குச் சொல் ஒன்றே வலிமை. அச்சொல்லை உலகம் மதிக்க வேண்டுமானால், அது ஆளுக்கு ஏற்பவும் வேளைக்கு ஏற்பவும் மாறக்கூடாது.

1959ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டாக்டர் இஸ்மாயில் தாயகம் திரும்பி வெளியுறவு அமைச்சரானார். அவர் பொறுப்பேற்ற சில வாரங்களிலேயே முதல் சோதனை வந்தது.

அவ்வாண்டு மார்ச் மாதம் 10ஆம் நாள் திபெத்தின் தலைநகரான லாசாவில் மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டனர். தங்கள் சமயத் தலைவரான தலாய் லாமாவுக்குத் தீங்கு நேருமோ என்று அஞ்சி, அவருடைய மாளிகையைச் சூழ்ந்து காவல் நின்றனர். சீனப் படை அவ்வெழுச்சியை ஒடுக்கியது. தலாய் லாமா இரவோடு இரவாக வெளியேறி, மலைகளைக் கடந்து மார்ச் மாத இறுதியில் இந்தியாவுக்குள் தஞ்சம் புகுந்தார். செப்டம்பர் 9ஆம் நாள் அவர் ஐக்கிய நாடுகள் மன்றத்திற்கு முறையீடு அனுப்பினார்.

அம்முறையீட்டை மன்றத்தின்முன் வைக்க ஏதேனும் ஓர் உறுப்பு நாடு முன்வர வேண்டும். பெரிய நாடுகள் பல தயங்கின. தலாய் லாமாவுக்கு அடைக்கலம் தந்த இந்தியாவே, மன்றத்தில் விவாதிப்பதால் பயன் விளையாது என்று கருதியது. திபெத்தின் சட்டநிலை தெளிவாக இல்லை என்பது பிரிட்டனின் தயக்கம். சீன மக்கள் குடியரசு அப்போது மன்றத்தில் உறுப்பியம் பெற்றிருக்கவில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவர் இல்லாத அவையில் வழக்குரைப்பது முறையா என்ற கேள்வியும் எழுந்தது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நாட்டின் உள்நாட்டு விவகாரத்தில் மன்றம் தலையிடலாகாது என்னும் விதி அதன் சாசனத்திலேயே இருந்தது.

மலாயாவுக்கும் தயங்குவதற்குக் காரணங்கள் இருந்தன. நாடு விடுதலை பெற்று ஈராண்டுகளே ஆகியிருந்தன. 1948ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருந்த அவசரகாலம் இன்னும் முடியவில்லை. மக்கள்தொகையில் கணிசமான பகுதியினர் சீன வம்சாவளியினர். கம்யூனிஸ்டுகளை எதிர்க்கும் நாடு என்பதால்தான் மலாயா திபெத்துக்காகப் பேசுகிறது என்று பிறர் குறைகூறவும் இடமிருந்தது.

ஆயினும் மலாயா பின்வாங்கவில்லை. ஐரோப்பாவின் சிறிய நாடுகளுள் ஒன்றான அயர்லாந்துடன் கைகோத்து, திபெத்துப் பிரச்சினையை மன்றத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கக் கோரியது. இரு நாடுகளும் நீண்ட காலம் அந்நிய ஆட்சியின்கீழ் இருந்தவை. இரு நாடுகளும் சேர்ந்து முன்வைத்த தீர்மானம் சீனாவைப் பெயர் சொல்லித் தாக்கவில்லை. திபெத்திய மக்களின் அடிப்படை மனித உரிமைகளும், அவர்களுக்கே உரிய பண்பாட்டு வாழ்வும் சமய வாழ்வும் மதிக்கப்பட வேண்டும் என்று மட்டுமே அது கேட்டது. எல்லைத் தகராற்றையும் ஆட்சியுரிமையையும் ஒதுக்கிவிட்டு, மனித உரிமையை மட்டும் பேசியதே அத்தீர்மானத்தின் நுட்பமாகும். மனித உரிமையை மதிப்பதாக உறுப்பு நாடுகள் அனைத்தும் சாசனத்தில் ஒப்பமிட்டிருந்தன. எனவே, அதைப் பற்றிப் பேசுவது உள்நாட்டு விவகாரத்தில் தலையிடுவதாகாது என்பதே இத்தகைய தீர்மானங்களை ஆதரித்தோரின் வாதம்.

1959ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 21ஆம் நாள் வாக்கெடுப்பு நடைபெற்றது. 45 நாடுகள் தீர்மானத்தை ஆதரித்தன. 9 நாடுகள் எதிர்த்தன. இந்தியா, பிரிட்டன் உட்பட 26 நாடுகள் நடுநிலை வகித்தன. தீர்மானம் நிறைவேறியது.

இம்முடிவு தனி ஒருவரின் சாதனை அன்று. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானும் அமைச்சரவையும் நியூயார்க்கில் இருந்த பேராளர் குழுவும் சேர்ந்து எடுத்த நிலைப்பாடு அது. வெளியுறவுக் கொள்கை அவ்வாறுதான் உருவாகிறது. தூதரகங்கள் செய்தி அனுப்புகின்றன. அமைச்சு அதை ஆராய்கிறது. அமைச்சரவை முடிவெடுக்கிறது. அதன்பின் பேராளர்களுக்குப் பணிப்புரை செல்கிறது. இவை அனைத்தையும் இணைத்து நடத்த வேண்டியவர் வெளியுறவு அமைச்சரே.

அத்தீர்மானத்தால் லாசாவில் நிலைமை மாறவில்லை. சீனப் படை வெளியேறவும் இல்லை. அப்படியானால் அதனால் என்ன பயன் என்று கேட்கலாம். நடந்தது அநீதி என்று உலக மன்றத்தின் ஏட்டில் பதிவாயிற்று. பிற்காலத்தில் எவரும் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சிறிய நாட்டால் செய்யக்கூடியது அது. அதை மலாயா செய்தது.

ஆறு மாதங்கள்கூட முழுமையாகக் கழியவில்லை. இரண்டாம் சோதனை வந்தது. இது முதலாவதைவிடக் கடினமானது.

தென்னாப்பிரிக்காவில் சிறுபான்மை வெள்ளையர் ஆட்சி, நிறத்தின் அடிப்படையில் மக்களைப் பிரித்து வைத்திருந்தது. கறுப்பின மக்கள் சொந்த மண்ணில் நடமாடுவதற்கே அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டியிருந்தது. அச்சட்டத்தை எதிர்த்து 1960ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21ஆம் நாள் ஷார்ப்வில் என்னும் ஊரில் மக்கள் கூடினர். காவல்துறையினர் சுட்டதில் 69 பேர் உயிரிழந்தனர். இந்நிறவெறிச் சட்டங்களால் அங்குள்ள இந்தியரும் துன்புற்றனர். 1860ஆம் ஆண்டு தொடங்கி நட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர்களின் வழித்தோன்றல்களும் அவர்களுள் அடங்குவர். நம் தோட்டப்புறங்களுக்கு வந்த முன்னோரின் உறவுகள் அவர்கள் என்றே சொல்லலாம்.

திபெத்து விவகாரத்தில் மலாயா எதிர்கொண்டது, தூதரக உறவே இல்லாத ஒரு நாட்டை. தென்னாப்பிரிக்காவோ காமன்வெல்த் குடும்பத்தில் மலாயாவோடு அமர்ந்திருந்த நாடு. இரு நாடுகளுக்கும் இடையே வாணிகமும் நடந்து வந்தது. உறுப்பு நாடுகளின் உள்நாட்டு விவகாரத்தைக் காமன்வெல்த் மாநாட்டில் பேசக்கூடாது என்பது நெடுநாள் மரபு. எதிரணியில் இருப்பவரின் தவற்றைச் சுட்டுவது எளிது; ஒரே மேசையில் அமர்ந்திருப்பவரின் தவற்றைச் சுட்டுவது எளிதன்று.

திபெத்து மக்களுக்காகப் பேசிய மலாயா இப்போது வாய்மூடி இருந்தால், அன்று பேசியதும் நேர்மையான பேச்சன்று என்றாகிவிடும். எனவே அதே அளவுகோலை மலாயா மீண்டும் கையில் எடுத்தது. நாடாளுமன்றத்தில் கண்டனக் குரல் எழுந்தது. அவ்வாண்டு மே மாதம் இலண்டனில் நடைபெற்ற காமன்வெல்த் மாநாட்டில் துங்கு, மரபையும் பொருட்படுத்தாமல், நிறவெறிக் கொள்கையைப் பற்றிப் பேசித் தென்னாப்பிரிக்கப் பேராளருடன் மோதினார். அவ்வாண்டிலேயே மலாயா தென்னாப்பிரிக்கப் பொருள்களின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. இவ்வாறு துணிந்த தொடக்கக்கால நாடுகளுள் மலாயாவும் ஒன்று. அடுத்த ஆண்டு, 1961 மே மாதம் 31ஆம் நாள், தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்திலிருந்து விலகியது. உறுப்பு நாடுகள் பலவற்றின் எதிர்ப்பே அதற்குக் காரணம்.

சொல்லோடு மலாயா நின்றுவிடவில்லை. 1960ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் விடுதலை பெற்ற கொங்கோ நாடு சில நாள்களிலேயே கலவரத்தில் மூழ்கியது. அமைதி காக்க ஐக்கிய நாடுகள் மன்றம் படை திரட்டியது. அவ்வாண்டு அக்டோபரில் மலாயா தன் வீரர்களை அங்கு அனுப்பி வைத்தது. உலக மன்றத்தின் சாசனத்தைச் சுட்டிக்காட்டிப் பிறரைக் கேள்வி கேட்கும் நாடு, அச்சாசனம் கேட்கும் சுமையையும் தாங்க வேண்டும் அல்லவா?

1960ஆம் ஆண்டின் இறுதியில் டாக்டர் இஸ்மாயில் வெளியுறவுப் பொறுப்பிலிருந்து விலகினார். துங்கு அதனை மீண்டும் ஏற்றார். ஆனால் கொள்கை மாறவில்லை. 1961ஆம் ஆண்டு டிசம்பரில் திபெத்துப் பிரச்சினை மீண்டும் மன்றத்திற்கு வந்தபோது மலாயா மீண்டும் முன்மொழிந்தோரின் வரிசையில் நின்றது. இம்முறை 56 நாடுகள் ஆதரவளித்தன.

பின்னர் அவர் உள்நாட்டுப் பாதுகாப்புப் பொறுப்பை ஏற்றார். 1967ஆம் ஆண்டு உடல்நலம் குன்றியதால் அமைச்சரவையிலிருந்து விலகினார். ஆயினும் ஜொகூர் தீமோர் தொகுதியின் உறுப்பினராக நாடாளுமன்றத்தில் தொடர்ந்தார். 1968ஆம் ஆண்டு ஜனவரியில், தென்கிழக்காசியாவிலிருந்து தன் படைகளை மீட்டுக்கொள்ளப் போவதாகப் பிரிட்டன் அறிவித்தது. வியட்நாமில் போர் எரிந்து கொண்டிருந்தது. அவ்வேளையில் அவர் நாடாளுமன்றத்தில் ஒரு புதிய யோசனையை முன்வைத்தார். தென்கிழக்காசியா எந்த வல்லரசின் பக்கமும் சாயாத நடுநிலை வட்டாரமாக வேண்டும். அமெரிக்கா, சோவியத் யூனியன், சீனா ஆகிய பெரிய நாடுகள் அதற்கு உறுதியளிக்க வேண்டும் என்பதே அந்த யோசனை.

இதை வியப்போடு நோக்கியவர்கள் உண்டு. திபெத்து மக்களுக்காகச் சீனாவை எதிர்த்து நின்ற அரசின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர், அதே சீனாவைச் சமாதானத்தின் பொறுப்பாளர்களுள் ஒன்றாக எப்படி ஏற்கலாம் என்று கேட்கத் தோன்றும். உற்றுநோக்கினால் இதில் முரண்பாடு இல்லை. ஒரு நாட்டின் செயலைக் கண்டிப்பது வேறு. அந்நாட்டைப் பகைவனாகவே வைத்திருப்பது வேறு. நோயை எதிர்க்கும் மருத்துவர் நோயாளியை வெறுப்பதில்லை.

1969ஆம் ஆண்டு மே 13 கலவரத்திற்குப் பிறகு நாடு நெருக்கடியில் இருந்தது. உடல்நலக் குறைவையும் பொருட்படுத்தாமல் டாக்டர் இஸ்மாயில் மீண்டும் பணிக்கு வந்தார். உள்துறை அமைச்சராகவும், 1970ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் துணைப் பிரதமராகவும் பணியாற்றினார். அவருடைய நடுநிலை யோசனையைப் பிரதமர் துன் அப்துல் ரசாக் அரசின் கொள்கையாக்கினார். 1971ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 27ஆம் நாள், தென்கிழக்காசியாவை அமைதியும் சுதந்திரமும் நடுநிலைமையும் கொண்ட வட்டாரமாக்க வேண்டும் என்னும் கோலாலம்பூர்ப் பிரகடனத்தில் ஆசியான் நாடுகள் ஐந்தும் ஒப்பமிட்டன.

1973ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2ஆம் நாள் துன் டாக்டர் இஸ்மாயில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 57. பிரதமர் காமன்வெல்த் மாநாட்டிற்காகக் கனடா சென்றிருந்ததால், நாட்டின் பொறுப்பு அன்று அவர் தோள்மீதே இருந்தது. தேசியப் பள்ளிவாசல் வளாகத்தில் உள்ள மாவீரர் நினைவிடத்தில் முதன்முதலாக நல்லடக்கம் செய்யப்பட்டவர் அவரே. கோலாலம்பூரில் உள்ள தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் மறைந்து பத்து மாதங்களுக்குப் பிறகு, 1974ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள், மலேசியா சீனாவுடன் தூதரக உறவை ஏற்படுத்திக்கொண்டது.

இன்றும் உலகின் பல நாடுகளில் மக்கள் நீதி கேட்டு எழுகிறார்கள். அச்செய்திகள் சில நொடிகளில் நம் கைப்பேசிக்கு வந்துவிடுகின்றன. நமக்கு வேண்டியவர்கள் துன்புற்றால் பதறுகிறோம். மற்றவர்கள் துன்புற்றால் அடுத்த செய்திக்குச் சென்றுவிடுகிறோம். பகைவர் செய்தால் அநீதி, நண்பர் செய்தால் நிர்ப்பந்தம் என்று பேசுவது தனிமனிதருக்கும் எளிது, நாட்டுக்கும் எளிது. எளிதான அவ்வழியைத் தேர்ந்தெடுக்காததுதான் துன் டாக்டர் இஸ்மாயில் பொறுப்பு வகித்த அந்த ஈராண்டுகளின் சிறப்பு. லாசாவுக்கும் ஷார்ப்விலுக்கும் இடையே பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவு. ஆனால் இரண்டையும் அளக்க மலாயாவிடம் இருந்தது ஒரே அளவுகோல்தான்.